செட்டிநாடு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது? ஒரு வட்டாரத்தை வரையறுத்துக் கணக்கெடுக்க முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் புவியியல் படிக்கும் என் அண்ணன் மகள் ஒரு நாள் கேட்டாள்: "சித்தப்பா, செட்டிநாட்டில் மொத்தம் எத்தனை பேர் இருக்கிறார்கள்?"

காரைக்குடியிலேயே பிறந்து வளர்ந்தவனுக்கு இது தெரியாதா என்ற தைரியத்தில், சிவகங்கை, புதுக்கோட்டை இரண்டு மாவட்டத்தின் 2011 கணக்கெடுப்பு எண்ணையும் கூட்டிச் சொன்னேன். 13,39,101, 16,18,345, ஆக 29,57,446. எழுதிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்படியானால் கோட்டைப்பட்டினத்து மீனவரும் கீழடித் தென்னந்தோப்புக்காரரும் செட்டிநாட்டுக்காரர்களா?" என்று கேட்டாள். என்னிடம் பதில் இல்லை.

திண்ணையில் உட்கார்ந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு ஆச்சிதான் முடித்துவைத்தார். "எங்க ஒன்பது கோயில் புள்ளி எந்த எந்த ஊர்ல இருக்கோ, அதுதான் தம்பி செட்டிநாடு. மாவட்டமாவது ஒண்ணாவது!"

ஆச்சி சொன்னதை வேடிக்கைப் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இளையாத்தங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது கோயில்களில் ஒன்றைச் சேர்ந்தவர் நகரத்தார், அதாவது நாட்டுக்கோட்டைச் செட்டியார். திருமணமாகித் தனிக் குடும்பமானதும் அது ஒரு 'புள்ளி'. கோயில் வரியைப் புள்ளி வைத்துத்தான் பிரிப்பார்கள். எதை எண்ணுவது, எங்கே சேர்ப்பது, ஒருவரை இரண்டு இடத்தில் எண்ணாமல் பார்த்துக்கொள்வது எப்படி என்ற மூன்றுக்கும் அதில் விடை இருக்கிறது. மக்கள்தொகைத் துறையும் இதே மூன்றைத்தான் செய்கிறது, ஆனால் நிலத்தை வைத்துச் செய்கிறது. ஆச்சியின் கணக்கு மலேசியாவில் இருக்கும் புள்ளியையும் சேர்க்கும். காரைக்குடியில் தலைமுறை தலைமுறையாக இருக்கும் மற்றச் சமூகத்தாரைச் சேர்க்காது. நமக்கு வேண்டியது நிலத்துக் கணக்கு என்றால், ஆச்சியின் ஊர்களை எடுத்துக்கொண்டு அரசாங்கத்தின் அலகுகளில் பொருத்த வேண்டும். அதற்கான வழிதான் இது. கொங்குநாட்டுக்கோ நாஞ்சில் நாட்டுக்கோ செய்ய நினைப்பவர்களுக்கும் இதே படிகள் பொருந்தும்.

முதல் படி: எதற்கு என்று எழுதுங்கள்

வரைபடத்தைத் திறப்பதற்கு முன் ஒரு தாளில் ஒரே வாக்கியம்: இந்த வட்டாரத்தை எதற்காக வரையறுக்கிறேன்? பழைய வீடுகளைக் கணக்கெடுக்கவா, ஊரணிகளின் நிலையைப் பார்க்கவா, காரைக்குடி ஆஸ்பத்திரிகளை நம்பி எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ளவா? கேள்வி மாறினால் எல்லை மாறும். இந்த வாக்கியம் இல்லாமல் தொடங்கினால் பாதி வழியில் யாராவது "எங்க ஊரை ஏன் விட்டீங்க?" என்பார், அவர் மனம் நோகக் கூடாதென்று சேர்ப்பீர்கள், அப்புறம் அது நிற்காது.

இரண்டாம் படி: எந்த வகை வட்டாரம்?

புவியியலில் வட்டாரங்களை மூன்று வகையாகப் பிரிப்பார்கள். ஒன்று, ஏதோ ஒரு தன்மை எல்லா இடத்திலும் ஒன்றுபோல இருப்பது. மழை குறைந்த செம்மண் பூமி, ஊருக்கு ஊர் ஊரணி, தெருவுக்குத் தெரு முகப்பும் (முன்கட்டு) வளவும் (உள்முற்றத்தைச் சுற்றிய கட்டு) உள்ள வீடு, இவை காணப்படும் பரப்பு என்று வரையறுத்தால் அது இந்த வகை.

இரண்டாவது, ஒரு மையத்தைச் சுற்றி அமைவது. கல்யாணத்துக்கு நகை எடுக்க, பிரசவத்துக்கு, கல்லூரிக்கு, கடைசி பஸ் பிடிக்க எந்த ஊருக்குப் போகிறீர்கள் என்று ஊர் ஊராகக் கேட்டு, காரைக்குடி என்று பதில் வரும் ஊர்களையெல்லாம் சேர்த்தால் காரைக்குடியின் செயல் வட்டாரம் கிடைக்கும். ராயவரத்தில் இதைக் கேட்டால் சிலர் புதுக்கோட்டை என்பார்கள், சிலர் காரைக்குடி என்பார்கள். அங்கே எல்லையைக் கோடாக வரைய முடியாது. ஒரு பட்டையாகத்தான் வரும்.

மூன்றாவது, மக்கள் மனத்தில் இருப்பது. வடக்கே வெள்ளாறு, தெற்கே வைகை, மேற்கே பிரான்மலை, கிழக்கே கடல் என்று பெரியவர்கள் சொல்வது அப்படிப்பட்டது. முதலில் 96 ஊர், இப்போது எழுபத்துச் சொச்சம் என்பதும் அப்படியே. மனத்திலிருக்கும் எல்லை பொய்யில்லை. ஆனால் அந்த நாலு எல்லையையும் அப்படியே எடுத்துக்கொண்டால் கோட்டைப்பட்டினம் உள்ளே வந்துவிடும், கவனம்.

செட்டிநாட்டுக்கு என் தேர்வு மூன்றாவதில் தொடங்கி முதலாவதில் சரிபார்ப்பது. நகரத்தார் ஊர்களை எடுத்துக்கொண்டு, அந்த ஊர்களைச் சுற்றிய நிலம் எப்படி என்று பார்ப்பது. 2014-ல் உலகப் பாரம்பரியச் சின்னமாகப் பின்னர் பரிசீலிக்க வேண்டிய இடங்களுக்கான யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலில் செட்டிநாடு சேர்ந்தபோதும் கிட்டத்தட்ட இந்த வழியில்தான் போனார்கள்: 73 கிராமம், 2 நகரம், பரப்பு சுமார் 1,550 சதுர கிலோமீட்டர். இரண்டு மாவட்டமும் சேர்ந்த பரப்பில் இது ஆறில் ஒரு பங்கைக் கொஞ்சம்தான் தாண்டும். நான் முதலில் சொன்ன 29 லட்சத்துக்கு எவ்வளவு காற்றடித்திருந்தேன் என்பது இதிலேயே தெரிந்துவிடும்.

மூன்றாம் படி: ஏற்கெனவே போட்டிருக்கும் கோடுகளைப் பாருங்கள்

ஒவ்வொரு துறையும் தன் வேலைக்காக நாட்டை ஒரு விதமாகப் பிரித்து வைத்திருக்கிறது. உங்கள் வட்டாரத்துக்குப் பொருந்தும் கோடு ஏற்கெனவே எங்காவது இருந்தால் பாதி வேலை மிச்சம். செட்டிநாட்டுக்கு இருக்கிறதா? நான் தேடிப் பார்த்ததை வரிசையாகச் சொல்கிறேன்.

மாவட்டம் இரண்டாக வெட்டுகிறது. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் சிவகங்கை. அரிமளம், ராயவரம், கடியாபட்டி, கோனாபட்டு, நச்சாந்துபட்டி, பொன்னமராவதி பக்கம் புதுக்கோட்டை.

வேலைவாய்ப்பு, குடும்பச் செலவு போன்றவற்றை ஆராயும் தேசிய மாதிரி ஆய்வு, மாவட்டங்களைக் கூட்டி 'மண்டலம்' என்று வைத்திருந்தது. தமிழ்நாட்டுக்கு நான்கு: கடலோர வடக்கு, கடலோரம், தெற்கு, உள்நாடு. அதில் சிவகங்கை தெற்கில், புதுக்கோட்டை கடலோரத்தில். தஞ்சாவூரோடு ராயவரமும் கன்னியாகுமரியோடு கானாடுகாத்தானும்! மாநில அளவுக்கு வசதியாக இருக்கும் ஒரு பிரிவு வட்டாரத்துக்கு எப்படி உதவாமல் போகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. 2025 ஜனவரியிலிருந்து இந்த ஆய்வுகளில் மாவட்டத்தையே அடிப்படை அலகாக வைக்கத் தொடங்கியிருக்கிறார்கள். மாவட்டத்துக்குக் கீழே இருக்கும் நமக்கு அப்போதும் பெரிய பலன் இல்லை.

வானிலைத் துறைக்கு நாடு முழுவதும் 36 உட்பிரிவுகள். அதில் தமிழ்நாடு, புதுச்சேரி, காரைக்கால் எல்லாம் சேர்ந்து ஒன்றே ஒன்று. அதனால் 'தமிழகத்தில் இயல்பான மழை' என்ற செய்தியை நம்பி ஊரணி நிறைந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பல்கலைக்கழகம் என்றால் சிவகங்கைப் பக்கக் கல்லூரிகள் அழகப்பாவோடு, புதுக்கோட்டைப் பக்கம் பாரதிதாசனோடு. தபாலிலும் அதே பிளவு: இந்தப் பக்கம் 630-ல் தொடங்கும் பின்கோடு, அந்தப் பக்கம் 622.

இரண்டு பாதியையும் பெரும்பாலும் சேர்த்துப் பிடித்திருப்பது ஓர் அரசியல் கோடுதான். சிவகங்கை மக்களவைத் தொகுதியில் காரைக்குடி, திருப்பத்தூர், சிவகங்கை, மானாமதுரையோடு புதுக்கோட்டை மாவட்டத்துத் திருமயமும் ஆலங்குடியும் இருக்கின்றன. மற்றத் துறைகள் பிரித்து வைத்ததை ஓட்டுப்பெட்டி ஒட்டவைத்திருக்கிறது. ஆனால் இந்தக் கோட்டையும் நம்பிவிடாதீர்கள். மானாமதுரை முழுக்க வைகைக் கரை. அதைச் செட்டிநாடு என்றால் அந்த ஊர்க்காரரே சிரிப்பார்.

வெளிநாட்டில் எப்படி என்று ஒரு பார்வை. ஐரோப்பிய ஒன்றியம் 2003-ல் சட்டமே போட்டு மூன்றடுக்கு வைத்தது: முதல் அடுக்கு 30 முதல் 70 லட்சம் பேர், இரண்டாவது 8 முதல் 30 லட்சம், மூன்றாவது ஒன்றரை முதல் 8 லட்சம். நாட்டுக்கு நாடு மாவட்டத்தின் அளவு எப்படி இருந்தாலும் ஒப்பிட்டுப் பார்க்க முடிய வேண்டும் என்பதற்காக. அந்த அளவுகோலில் நம் சிவகங்கை மாவட்டம் தனியாகவே இரண்டாம் அடுக்கு. பிரேசில் 2017-ல் தன் பழைய உள்வட்டாரங்களைக் கைவிட்டு, நகரத்தைச் சுற்றி மக்கள் போய்வருவதை வைத்துப் புதிதாகப் பிரித்தது. அதாவது நான் மேலே சொன்ன இரண்டாம் வகை. இந்தியாவில் இப்படி ஆள்தொகை அளவை வைத்து வட்டாரத்தை நிர்ணயிக்கும் ஏற்பாடு கிடையாது. மாநிலம், மாவட்டம், வட்டம், கிராமம் என்ற வருவாய்த் துறை ஏணியிலேயே எல்லாம் ஏறி இறங்குகின்றன.

நான்காம் படி: எல்லைக்கோட்டை விடுங்கள், ஊர்ப்பட்டியல் போடுங்கள்

இங்கேதான் அதிக நேரம் செலவாகும், ஆகட்டும். வரைபடத்தில் பென்சிலால் ஒரு வட்டம் போட்டால் அது அழகாக இருக்கும், எண்ண முடியாது. எண்ண முடிகிற மிகச் சிறிய அலகு கணக்கெடுப்பில் கிராமம், நகரத்தில் வார்டு. அவற்றைப் பெயர் பெயராக எழுதிச் சேர்த்த பட்டியல்தான் உங்கள் வட்டாரம். எல்லைக்கோடு அந்தப் பட்டியலிலிருந்து தானாக வரும்.

பட்டியல் போடும்போது கையைச் சுடும் இடங்கள் நாலு.

முதலாவது, 'கிராமம்' என்பது நாம் நினைக்கும் ஊர் இல்லை. கணக்கெடுப்பில் வருவது வருவாய்க் கிராமம். ஒரு வருவாய்க் கிராமத்துக்குள் நாலைந்து குடியிருப்புகள் இருக்கலாம். உங்கள் ஊர் வேறு பெயருள்ள வருவாய்க் கிராமத்துக்குள் ஒளிந்திருக்கலாம். ஊராட்சி என்பது வேறு. அதற்குள் பல வருவாய்க் கிராமம் வரலாம். கிராம நிர்வாக அலுவலரிடம் 'அ பதிவேட்டில் (கிராம நிலப் பதிவேடு) இந்த ஊர் எந்தக் கிராமம்?' என்று கேட்டால் விஷயம் தீர்ந்துவிடும்.

இரண்டாவது, ஒரே ஊருக்கு இரண்டு பெயர். கடியாபட்டிக்கு ராமச்சந்திரபுரம் என்றும் பெயர். பட்டியலில் இரண்டையும் தனித்தனி ஊராகப் போட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, இரண்டு ஊருக்கு ஒரே பெயர். இதில் நானே விழுந்தேன். திருப்பத்தூர் எண்களை இறக்கி, ஒட்டி, கூட்டி, இரவு பதினோரு மணிக்குப் பார்த்தால் செட்டிநாட்டில் எக்கச்சக்கமாகத் தோல் தொழிலாளிகள். அப்போதுதான் உறைத்தது: நான் எடுத்தது வேலூரிலிருந்து 2019-ல் பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்து ஊர்கள், ஆம்பூர், வாணியம்பாடி எல்லாம் அதற்குள். நமக்கு வேண்டியது சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூர் வட்டம். போதாக்குறைக்குத் திருச்சிப் பக்கம் பிரம்மா கோயில் இருக்கும் திருப்பட்டூர் வேறு, ஆங்கில எழுத்துக்கூட்டலில் அதுவும் இதுவும் இரட்டைப் பிள்ளைகள்.

நான்காவது, நகரமா கிராமமா என்ற குழப்பம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி எல்லாம் சட்டப்படி நகரம். அப்படி அறிவிக்கப்படாத ஊரிலும் 5,000 பேருக்குக் குறையாமல் இருந்து, சதுர கிலோமீட்டருக்கு 400 பேராவது வாழ்ந்து, ஆண் முதன்மைத் தொழிலாளர்களில் (ஆண்டில் ஆறு மாதமாவது வேலை செய்பவர்கள்) 75 சதவீதமாவது விவசாயத்துக்கு வெளியே வேலை செய்தால் அது 'கணக்கெடுப்பு நகரம்'. தமிழ்நாட்டில் பேரூராட்சிகள் நிறைய. செட்டிநாட்டில் கேட்கவே வேண்டாம். கானாடுகாத்தான், பள்ளத்தூர், புதுவயல், நெற்குப்பை, அரிமளம் எல்லாம் பேரூராட்சி, ஆக எல்லாம் 'நகரம்'. ஆத்தங்குடி கிராமம். பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளுக்கு நடுவே ஆடு மேயும் கானாடுகாத்தானையும், டைல்ஸ் பட்டறைகள் ஓடும் ஆத்தங்குடியையும் நேரில் பார்த்தவர் எது நகரம் என்று சொல்வார்? அதனால் 'செட்டிநாட்டில் இத்தனை சதவீதம் நகரமயம்' என்று எழுதும்போது, அதில் எவ்வளவு வாழ்க்கை, எவ்வளவு அரசாணை என்று பக்கத்திலேயே ஒரு வரி போடுங்கள்.

பட்டியலை ஒரு எக்செல் தாளில் வையுங்கள். ஊர்ப்பெயர், மாற்றுப்பெயர், வருவாய்க் கிராமம், வட்டம், மாவட்டம், ஏன் சேர்த்தேன். கடைசி நெடுவரிசையை ஒரு வரிகூட வெற்றாக விடாதீர்கள்.

ஐந்தாம் படி: பெயருக்குப் பதில் எண்

பட்டியல் முடிந்ததும் ஒவ்வொரு ஊருக்கும் கணக்கெடுப்பின் குறியீட்டு எண்ணைச் சேர்த்துவிடுங்கள். தமிழ்நாட்டுக்கு 33, அதற்குக் கீழே மாவட்டம், வட்டம், கிராமம் என்று எண்கள் நீளும். பஞ்சாயத்து ராஜ் அமைச்சகத்தின் உள்ளாட்சி அடைவிலும் ஒவ்வொரு ஊருக்கும் தனி எண் உண்டு. இரண்டும் ஒன்றல்ல, இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். காரைக்குடிக்கு ஆங்கிலத்தில் ஒரு 'கே'யா இரண்டு 'கே'யா என்று ஆளுக்கு ஆள் எழுதினாலும் எண் மாறாது.

ஆறாம் படி: கூட்டுங்கள், ஆனால் சதவீதத்தைக் கூட்டாதீர்கள்

கணக்கெடுப்புத் துறை ஒவ்வொரு மாவட்டத்துக்கும் கையேடு வெளியிடுகிறது. அதன் ஒரு பாகத்தில் ஊர் வசதிகள், இன்னொரு பாகத்தில் கிராமம் கிராமமாக வீடுகள், ஆண், பெண், ஆறு வயதுக்குட்பட்டோர், எழுத்தறிந்தோர், தொழிலாளர் எண்ணிக்கை. உங்கள் எண்களை வைத்து அந்த வரிகளை மட்டும் பொறுக்கி எடுங்கள்.

எல்லாரும் செய்யும் தப்பு, விகிதங்களின் சராசரி எடுப்பது. ஒரு கணக்குக்காக, 1,000 பேர் உள்ள ஊரில் எழுத்தறிவு 90 சதவீதம், 9,000 பேர் உள்ள ஊரில் 70 என்று வையுங்கள். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 80. உண்மை என்ன? 900 பேரும் 6,300 பேரும் சேர்ந்து 7,200. பத்தாயிரத்தில் 72 சதவீதம். ஆட்களைக் கூட்டிவிட்டு அப்புறம் வகுக்க வேண்டும். அதிலும் எழுத்தறிவுக்கு வகுக்கும் எண் மொத்த மக்கள்தொகை இல்லை. ஏழு வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் மட்டும்.

ஏழாம் படி: எல்லை ஊர்களை உள்ளேயும் வெளியேயும் வைத்துப் பாருங்கள்

எல்லைக்கோட்டை நகர்த்தினால் விடை நகரும். இதைத் தவிர்க்க முடியாது, காட்டத்தான் முடியும். மூன்று பட்டியல் வையுங்கள். முதலாவது, யாரும் சண்டைக்கு வராத ஊர்கள் மட்டும்: கானாடுகாத்தான், ஆத்தங்குடி, பள்ளத்தூர், ராயவரம் போல. இரண்டாவது, எல்லா நகரத்தார் ஊர்களும். மூன்றாவது, அவற்றுக்கு இடையே விட்டுப்போன கிராமங்களையும் சேர்த்து ஓட்டையில்லாத ஒரே பரப்பாக. மூன்றிலும் எழுத்தறிவு ஏறக்குறைய ஒன்றாக வந்தால் நிம்மதி. வேறுபட்டால் மூன்றையும் அச்சிடுங்கள். எனக்கு மூன்றாவதுதான் பிடிக்கும். நகரத்தார் ஊர்களுக்கு நடுவே இருக்கும் கிராமங்களின் கொத்தனாரும் சமையற்காரரும் இல்லாமல் அந்த வீடுகளும் இல்லை, அந்தச் சாப்பாடும் இல்லை.

வரைபடம் வேண்டுமானால் க்யூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் கிராம எல்லைக் கோப்பைத் திறந்து, உங்கள் குறியீட்டு எண்களோடு இணைத்தால் போதும். ஒரு மாலை வேலை.

எட்டாம் படி: பழைய கணக்கோடு ஒப்பிட வேண்டுமா?

அப்படியானால் பொறுமை வேண்டும். சிவகங்கை மாவட்டம் 1985-ல்தான் ராமநாதபுரத்திலிருந்து பிரிந்தது. புதுக்கோட்டை மாவட்டம் 1974-ல் உருவானது. அதற்கு முன் பெரும்பகுதி திருச்சி மாவட்டம். 1948 மார்ச் வரை தொண்டைமான் சமஸ்தானம். ஆக 1941-ல் கடியாபட்டிக்காரர் சமஸ்தானத்துக் கணக்கில் வருகிறார், காரைக்குடிக்காரர் பிரிட்டிஷ் இந்தியாவின் சென்னை மாகாணக் கணக்கில். 1971-ல் ஒருவர் திருச்சி, ஒருவர் ராமநாதபுரம். மாவட்ட எண்களை வைத்து 'செட்டிநாட்டில் மக்கள்தொகை இவ்வளவு வளர்ந்தது' என்று வரைபடம் போட்டால் அது மக்களின் வளர்ச்சியைக் காட்டாது, எல்லைகள் நகர்ந்ததைத்தான் காட்டும். வட்டங்களும் அப்படியே: 2011-ல் சிவகங்கை மாவட்டத்தில் ஆறு வட்டம், இப்போது ஒன்பது. திருப்பத்தூரிலிருந்து சிங்கம்புணரி தனியாகப் போய்விட்டது.

கிராமப் பட்டியலைக் கையில் வைத்திருப்பவருக்கு இந்தத் தொல்லை பாதிதான். ஒவ்வொரு கணக்கெடுப்புக்கும் ஒரு நெடுவரிசை. அந்த ஆண்டில் அந்த ஊர் எந்த மாவட்டம், எந்த வட்டம், என்ன எண் என்று எழுதிக்கொண்டே போகலாம்.

அடுத்த கணக்கெடுப்புக்கு ஆதார நாள், அதாவது எந்த நாள் நிலவரப்படி எண்ணுகிறார்களோ அந்த நாள், 2027 மார்ச் 1. எண்ணுவதற்கு முன் நிர்வாக எல்லைகளை ஒரு நாளோடு உறையவைப்பார்கள். இம்முறை அந்த நாள் 2025 டிசம்பர் 31. அதற்குள் நம் பக்கம் ஒரு பெரிய மாற்றம் நடந்துவிட்டது. 2011-ல் 1,06,714 பேருடன் நகராட்சியாக எண்ணப்பட்ட காரைக்குடி 2024-ல் மாநகராட்சி ஆனது. கோட்டையூர், கண்டனூர் பேரூராட்சிகளும் சுற்றியுள்ள சில ஊராட்சிகளும் அதற்குள் போயின. புதிய எண் வந்ததும் காரைக்குடி திடீரென்று பெருத்திருக்கும்; கோட்டையூர் காணாமல் போயிருக்கும். 2011 எண்ணோடு ஒப்பிட, 2011 பக்கத்திலும் அந்த ஊர்களைக் காரைக்குடியோடு கூட்டிக்கொள்ளுங்கள். கோட்டையூரைத் தனியாகவே பார்க்க வேண்டுமென்றால் புதிய மாநகராட்சியின் எந்த வார்டுகள் பழைய கோட்டையூர் என்று இப்போதே விசாரித்து எழுதிவையுங்கள்; இன்னும் பத்து வருஷம் கழித்துக் கேட்டால் சொல்ல ஆளிருக்க மாட்டார்கள்.